தென் பொஹீமியா ஏரிக்கரைச் சாலைகளில் மூன்று நாள்: 11–28 காசெட் போதுமா?

சங்கிலிச்சத்தம்:

வணக்கம். செப்டம்பரில் செக் நாட்டின் ப்ராக் நகரத்தில் எனக்கு ஒரு வேலை. அது முடிந்ததும் மூன்று நாள் எனக்கே எனக்கு. சைக்கிளை ரயிலில் ஏற்றித் தெற்கே இறங்கி, திரெபோன் ஊரிலிருந்து ஓட்டலாம் என்று இருக்கிறேன்.

முதல் நாள் திரெபோன், செர்வெனா லோத்தா, யிந்த்ரிஹூவ் ஹ்ரதெட்ஸ். இரண்டாம் நாள் அங்கிருந்து தெல்ச். மூன்றாம் நாள் தெல்ச்சிலிருந்து தாச்சிட்ஸே, ஸ்லாவோனிட்ஸே, லாண்ட்ஷ்டெய்ன் கோட்டை வழியாக மறுபடி ஹ்ரதெட்ஸ். தினம் 50 முதல் 75 கி.மீ. வரும். (செக் உச்சரிப்பு தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.)

வழியின் உயரப் படத்தைப் பார்த்தேன். தாழ்ந்த இடம் சுமார் 430 மீட்டர். உயர்ந்த இடம் 700ஐக்கூடத் தொடவில்லை. வரைபடம் முழுக்கக் குளமும் வயலும்தான். என் வண்டியில் முன் பல்சக்கரங்கள் 52–36 பல், பின்னால் காசெட் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) 11–28 பல், டயர் 25 மி.மீ. இது போதும்தானே?

இன்னொரு சந்தேகம். வழியில் உள்ள கோட்டைகளுக்குள் போய்ப் பார்க்க நேரம் கிடைக்குமா, இல்லை வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானா?

எடைகுறைப்பான்:

தாராளமாகப் போதும். ஆல்ப்ஸ் மலைக்கா போகிறீர்கள்? 270 மீட்டர் வித்தியாசத்துக்கு 32 பல் மாட்டினால் சைக்கிளுக்கே வெட்கமாக இருக்கும்.

கலிங்கு:

தம்பி, இவர் பேச்சைக் கேட்டால் உங்கள் முட்டிதான் அழும். நான் அந்தப் பக்கம் இரண்டு முறை ஓட்டியிருக்கிறேன். முதல் முறை நானும் உங்களைப் போலவே உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்தைக் கழித்துப் பார்த்து நிம்மதியாகக் கிளம்பினேன். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு ஏறுகிறோம் என்பதை அந்தக் கழித்தல் சொல்லாது. 20 மீட்டர் இறங்கி 40 ஏறுவீர்கள். 30 இறங்கி 35 ஏறுவீர்கள். பொழுது சாயும் வரை இதே வேலைதான். மலை என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் இருக்காது, ஆனால் படுக்கப் போகும்போது மீட்டரைப் பார்த்தால் நாலு இலக்கத்தில் நிற்கும். எனக்கு ஹ்ரதெட்ஸிலிருந்து கிழக்கே சுற்றிய நாளில் அப்படித்தான் வந்தது.

இரண்டாம் முறை போனபோதுதான் ஒன்று பிடிபட்டது. அங்கே குளத்தைப் பார்த்தே ஏற்றத்தைச் சொல்லிவிடலாம். பெரிய குளம் வந்தால் சமதளம், சின்னக் குளம் வந்தால் மேடு.

ஏன் என்றால், குளங்களில் அநேகமாக எல்லாமே ஓடையை மறித்துக் கரை போட்டுத் தேக்கியவை. திரெபோன் பக்கம் நிலம் தட்டையான தாம்பாளம் மாதிரி. அங்கே நீளமாகக் கரை போட்டால் தண்ணீர் ஆழமில்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் பரவி நிற்கும். சாலையும் அதே தட்டில்தான் ஓடும். கிழக்கே விசோச்சினா மேட்டு நிலம் தொடங்கியதும் கருங்கல் மேடும் மேட்டுக்கு நடுவே ஒடுக்கமான பள்ளமும்தான். பள்ளத்துக்கு 100, 150 மீட்டர் நீளத்தில் ஒரு கரை போட்டால் போதும், பின்னால் சின்னதாக ஒரு குளம் தேங்கிவிடும். ஊர்ச் சாலை போட்டவர்கள் தனியாகப் பாலம் கட்டுவார்களா? கரை மேலேயே சாலையைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதனால் ஒவ்வொரு முறையும் நடப்பது இது. மேட்டிலிருந்து வேகமாக இறங்குகிறீர்கள். கீழே கரை. கரை மேல் சாலை நேராக, சமமாக, மர நிழலில். கரை முடியும் இடத்தில் சாலை சட்டென்று வெட்டித் திரும்பும், சில இடத்தில் முழுச் செங்கோணமாகவே. பிரேக் பிடித்தாக வேண்டும். இறக்கத்தில் சேர்த்த வேகமெல்லாம் அங்கேயே போச்சு. திருப்பத்தின் மறுமூலையில் 7, 8 சதவீத ஏற்றம் காத்திருக்கும், அரைக் கிலோமீட்டருக்குக் குறையாமல். அதை நின்ற நிலையிலிருந்து ஏற வேண்டும். முன்னால் 36, பின்னால் 28 வைத்து ஒரு தடவை ஏறலாம், ஐந்து தடவை ஏறலாம். இருபதாவது தடவை கால் கெஞ்சும். முன்னால் பல் குறைந்து பின்னால் கூடினால் மிதிப்பது இலகு. அதனால் முன்னால் 50–34, பின்னால் 11–32 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

திருப்பத்துக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். திரும்பிய பிறகு மாற்றினால் பளு முழுக்கச் செயின் மேல் இருக்கும், பல்லைவிட்டு இறங்கிவிடும்.

எடைகுறைப்பான்:

அரைக் கிலோமீட்டர் 8 சதவீதம் என்றால் 40 மீட்டர் உயரம். எழுந்து நின்று மிதித்தால் முடிந்தது. இதற்கு இவ்வளவு பெரிய புராணமா?

கலிங்கு:

நின்று மிதியுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் என்னிடம் சொல்லுங்கள்.

ஈரக்காலுறை:

எல்லோரும் குளம் குளம் என்கிறீர்களே, மண் கரை, மதகு, உபரி நீர் வழியக் கலிங்கு எல்லாம் வைத்து மனிதர் கட்டியதற்கு நம் மொழியில் ஏரி என்று பெயர். கலிங்கு என்று பெயர் வைத்துக்கொண்டு நீங்களே இதை விடலாமா அண்ணே?

செக் மொழியில் ரிப்னீக். 'ரிபா' என்றால் மீன். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டியவை அல்ல, கெண்டை மீன் வளர்க்கக் கட்டியவை. கிறிஸ்தவ விரத நாட்களில் இறைச்சி கூடாது, மீன் கூடும். 16ஆம் நூற்றாண்டில் தானியத்தைவிடக் கெண்டையில் வருமானம் அதிகம் என்று தெரிந்ததும் அந்தப் பக்கத்துப் பிரபுக்கள் போட்டி போட்டு ஏரி வெட்டினார்கள். அதில் முன்னால் நின்ற குடும்பம் ரோஷ்ம்பெர்க். ஐந்து இதழ் ரோஜாதான் அவர்கள் சின்னம், வழியெங்கும் சுவர்களில் பார்ப்பீர்கள்.

முதலில் ஷ்டெபானெக் நெட்டோலிட்ஸ்கி என்பவர் 40 கி.மீ.க்கு மேல் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டி 1518ல் முடித்தார். 'பொன் வாய்க்கால்' என்று பெயர். ஏரிக்கு ஏரி தண்ணீர் கொடுத்துக்கொண்டு இன்றும் ஓடுகிறது. திரெபோன் சுற்றுவட்டத்தில் சாலையோரமாக அமைதியாக ஒரு வாய்க்கால் கூடவே வந்தால் அதுவாகத்தான் இருக்கும். அவருக்குப் பின் யாக்குப் கிர்ச்சீன். திரெபோன் ஊரை ஒட்டிய ஸ்வ்யெட் ஏரி இவருடையது, 1571ல் தொடங்கி 1573ல் முடிந்தது. அப்புறம் 1584 முதல் 1590 வரை ரோஷ்ம்பெர்க் ஏரி. 489 ஹெக்டேர், நாட்டிலேயே பெரியது. கரை மட்டும் 2.4 கி.மீ.

எனக்குப் பிடித்தது ஏரியைவிட அதற்கான பாதுகாப்பு. லுஷ்னிட்ஸே ஆறு நேராக ஏரிக்குள் வருகிறது. வெள்ளம் வந்தால் கரை உடையும். அதனால் 13 கி.மீ.க்கு மேல் 'புது ஆறு' என்று ஒன்றை வெட்டி, மிகுதித் தண்ணீரை நெஷார்க்கா ஆற்றுக்குத் திருப்பிவிட்டார்கள். 2002 ஆகஸ்டில் நாடே வெள்ளத்தில் மிதந்தபோது இந்த ஏரி கொள்ளளவைத் தாண்டித் தண்ணீரைப் பிடித்து நிறுத்தியது. 400 வருடத்து மண் கரை உடையவில்லை.

கரை மேல் வரிசையாக ஓக் மரங்கள். நிழலுக்காக நட்டதில்லை, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று நட்டது. சைக்கிளுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. செப்டம்பர் கடைசியில் ஓக் கொட்டைகள் சாலை முழுக்க உருளும், அக்டோபரில் ஈர இலை சேரும். கலிங்கு அண்ணன் சொன்ன அந்தக் கரை முனைத் திருப்பத்தில் இரண்டும் சேர்ந்தால் முன் சக்கரம் வழுக்கிவிடும். அனுபவம். இடது முழங்கையில் தழும்பு இருக்கிறது.

வழிதப்பி:

சாலை பற்றி நான் சொல்கிறேன்.

அங்கே மஞ்சள் பலகையில் எண் போட்டு சைக்கிள் வழிகள் எங்கும் இருக்கும். பார்த்தால் ஆசையாக இருக்கும், நம்பிப் பின்னாலேயே போகாதீர்கள். நான்கு கி.மீ. அருமையான தார்ச் சாலை, திடீரென்று காட்டுக்குள் திரும்பும், அப்புறம் சரளை, வேர், மணல். தடித்த டயர்க்காரர்களையும் மனதில் வைத்துப் போட்ட வழிகள் அவை. 25 மி.மீ. டயரோடு நான் ஒரு முறை ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே போனேன். பெயர்க் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

அந்த நாட்டுச் சாலைகளில் மூன்று வகுப்பு. முதல் வகுப்புக்கு ஒன்று அல்லது இரண்டு இலக்க எண், இரண்டாம் வகுப்புக்கு மூன்று இலக்கம். மூன்றாம் வகுப்பு ஊருக்கு ஊர் போகும் ஒற்றைச் சாலை, பலகையில் எண்ணே இருக்காது. நமக்கு வேண்டியது மூன்றாம் வகுப்பு. ஆப்பிள், பிளம் மரங்கள் இரண்டு பக்கமும் நிற்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு கார் வந்தால் அதிகம்.

உங்கள் திட்டத்தில் இரண்டு கண்ணி இருக்கிறது. குறுக்கு வழி கேட்டால் செயலி உங்களை திரெபோன் ஹ்ரதெட்ஸ் நடுவே 34ஆம் எண் சாலையிலும், ஹ்ரதெட்ஸ் தெல்ச் நடுவே 23ஆம் எண் சாலையிலும் கொண்டுபோய்த் தள்ளும். இரண்டும் முதல் வகுப்பு, லாரி வரும். ஊரைவிட்டு வெளியேறும் முதல் வாய்ப்பிலேயே பக்கத்துச் சாலைக்கு இறங்கிவிடுங்கள். 10 கி.மீ. கூடும், நிம்மதியும் கூடும்.

சட்டம்: சைக்கிளைத் தாண்டும் கார் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும், 2022 முதல் இது எழுத்திலேயே இருக்கிறது. பதிலுக்கு நாமும் ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும். இருவர் இணையாகக் கதை பேசிக்கொண்டு ஓட்டக் கூடாது. ஹெல்மெட் 18 வயதுக்குக் கீழ் கட்டாயம், நமக்கு நம் தலை மேல் உள்ள அக்கறைதான்.

எடைகுறைப்பான்:

டயரை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். நல்ல தாரில் 25தான் வேகம்.

வழிதப்பி:

தாரில் சரி. தெல்ச் சதுக்கத்தில் கல் பாவியிருக்கிறது, ஹ்ரதெட்ஸ் பழைய ஊருக்குள்ளும் அப்படித்தான். பழைய ஊர் எதுவானாலும் கடைசி ஒரு கிலோமீட்டர் கருங்கல் கட்டிகள் மேல்தான். 25ல் போனால் பல் ஆடும். 28 அல்லது 30 போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். சண்டை வேண்டாம்.

சங்கிலிச்சத்தம்:

எல்லோருக்கும் நன்றி. 28 டயர் வாங்கிவிட்டேன். காசெட் இன்னும் யோசனையில் இருக்கிறது (முன்பக்கம் மாற்றினால் செலவு எகிறுகிறது). கோட்டைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

ஈரக்காலுறை:

நான் சொல்கிறேன். முதலில் இரண்டு சொல். 'ஹ்ரத்' என்றால் போருக்குக் கட்டிய கோட்டை. 'ஸாமெக்' என்றால் பிற்காலத்தில் வசதிக்காகக் கட்டிய மாளிகை. பலகையில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்தால் கால் தயாராகிவிடும். ஹ்ரத் என்றால் பெரும்பாலும் மேலே ஏற வேண்டும். ஸாமெக் பெரும்பாலும் ஊர் நடுவிலோ தண்ணீரோரமோ இருக்கும்.

உங்கள் வழியில் ஒரே ஒரு முரட்டுக் கோட்டை லாண்ட்ஷ்டெய்ன். 13ஆம் நூற்றாண்டு. 1771ல் இடி விழுந்து எரிந்தது, அதோடு குடியிருப்பு முடிந்தது. கூரையில்லாத சுவர்களும் கோபுரமும் காட்டுக்கு மேலே நிற்கும். கோபுரம் ஏறலாம், ஆனால் சைக்கிள் காலோடு மரப்படி ஏறுவது தனித் தண்டனை.

செர்வெனா லோத்தா நேர் எதிர். ஏரிக்குள் ஒரு பாறை, பாறை மேல் சிவப்பு மாளிகை, போக ஒரு கல் பாலம். காற்றில்லாத காலையில் தண்ணீருக்குள் இன்னொன்று தலைகீழாக நிற்கும். டிட்டர்ஸ்டோர்ஃப் என்ற இசையமைப்பாளர் கடைசிக் காலத்தில் அங்கே ஆதரவு தேடி வந்து 1799ல் அந்தப் பக்கத்திலேயே இறந்தார். ஹ்ரதெட்ஸ் மாளிகை வாய்கர் ஏரிக்கரையில். தெல்ச்சைச் சுற்றிலும் ஏரிகள், ஒரு காலத்தில் அவைதான் ஊருக்கு அகழி. 1992ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நேரம்தான் சிக்கல். திங்கட்கிழமை பெரும்பாலும் எல்லாம் மூடியிருக்கும். மாளிகை உள்ளே நம் இஷ்டத்துக்குச் சுற்ற முடியாது, வழிகாட்டியோடு குழுவாகத்தான், அதுவும் குறித்த நேரத்தில். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் போகும். நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் காலணி. அடியில் கிளீட் (பெடலில் மாட்டும் கொக்கி) துருத்திக்கொண்டிருக்கும் சாலைக் காலணியோடு பழைய மரத்தரையில் விடமாட்டார்கள். கிளீட் உள்ளே பதிந்திருக்கும் வகையைப் போட்டுப் போங்கள்.

கலிங்கு:

தாச்சிட்ஸேயில் சர்க்கரைக் கட்டிக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். கட்டிச் சர்க்கரை கண்டுபிடித்த ஊர் அது, 1843. அந்த இடத்தில் நீங்கள் இருக்கும் நிலைக்கு அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவீர்கள்.

சங்கிலிச்சத்தம்:

போய் வந்துவிட்டேன். இழையைத் தொடங்கியவன் முடித்து வைக்க வேண்டும் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

வெஸெலி வரை விரைவு ரயில், அங்கிருந்து சின்ன ரயில் மாறி திரெபோன். காலை ஏழரைக்கு ரோஷ்ம்பெர்க் ஏரிக்கரையில் இருந்தேன். மூடுபனி. வலது பக்கம் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஓக் கொட்டைகள் டயருக்கடியில் பட் பட் என்று வெடித்தன. மதகருகே நின்று பார்த்தால் நிழலில் ஒரு தடித்த வாய் மேலே வந்து, காற்றை ஒரு மிடறு குடித்துவிட்டு, போயே போய்விட்டது. அடுத்த மாதம் தண்ணீரை இறக்கி மீன் பிடிக்கப் போகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

முதல் பாதி உண்மையாகவே சமதளம். எதிர்க்காற்றைத் தவிர தொல்லையில்லை. ஏரி மேல் வரும் காற்றை மறிக்க ஒன்றுமே இல்லையே. கலிங்கு அண்ணன் பயமுறுத்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

செர்வெனா லோத்தாவில் காற்று அடித்ததால் தலைகீழ் மாளிகை கிடைக்கவில்லை. நேர் மாளிகையே போதும், அவ்வளவு சிவப்பு. ஈரக்காலுறை சொல்லியும் நான் காலணியை மாற்றவில்லை. விளைவு: வழியில் வேறொரு மாளிகையில், வாசலில் ஒரு கூடை நிறையத் துணிச் செருப்பு. காலணிக்கு மேலேயே அதை மாட்டிக்கொள்ள வேண்டும். கிளீட் மேல் அதை மாட்டினால் என்ன ஆகும்? மெழுகு போட்ட மரத்தரையில் நான் நடக்கவே இல்லை, சறுக்கினேன். பீங்கான் ஜாடிகள் வைத்த அறையில் வழிகாட்டி அம்மா என் முழங்கையைப் பிடித்தவர், அறை முடியும் வரை விடவில்லை. அவர் பேசிய செக் எனக்குப் புரியவில்லை, ஆனால் புரிந்தது.

இரண்டாம் நாள்தான் கணக்கு உதைத்தது. 23ஐத் தவிர்த்துச் சின்னச் சாலைகளில் போனேன். இறக்கம், கரை, வெட்டுத் திருப்பம், ஏற்றம். இறக்கம், கரை, திருப்பம், ஏற்றம். எண்ணத் தொடங்கினேன். ஒன்பதாவது கரையில் திருப்பத்துக்கு முன்னால் கியர் மாற்ற மறந்தேன். திரும்பியதும் அவசரமாக மாற்ற, செயின் உள்பக்கம் விழுந்து சட்டத்துக்கும் பல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. ஒரு கால் கிளீட்டில், மறு கால் காற்றில், அப்படியே மெதுவாகச் சாய்ந்து புல்லில் உட்கார்ந்தேன். பின்னால் ஒரு வேன். ஹாரன் அடிக்காமல் நின்று, நான் எழுந்து ஓரமாகப் போகும் வரை காத்திருந்து, அந்த 1.5 மீட்டரை அளந்து வைத்தது போல விட்டுப் போனது. கை கறுப்பைப் புல்லில் துடைத்தேன், போகவில்லை. தெல்ச் சதுக்கத்துத் தோரண வாசல்களின் கீழே அந்தக் கையோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் சர்க்கரைக் கட்டியைக் கும்பிட்டேன். லாண்ட்ஷ்டெய்ன் கோபுரம் ஏறினேன். மேலே இருந்து பார்த்தால் சுற்றிலும் காடு, வந்த சாலையே தெரியவில்லை. இறங்கும்போது தொடை இரண்டும் தனித்தனியாக நடுங்கின. நோவா பிஸ்ட்ரிட்ஸேக்கு முன்னால் ஒரு ஏற்றத்தில் இறங்கித் தள்ளினேன். 36க்கு 28. ஆமாம், மாற்றாமல்தான் போனேன்.

மூன்று நாளும் சேர்த்து மொத்த ஏற்றம் 2,300 மீட்டர். 270 அல்ல.

கலிங்கு:

முதல் நாளைக் கழித்துப் பாருங்கள். அதில் முக்கால்வாசிக்கு மேல் பின்னிரண்டு நாளில் வந்திருக்கும். செயின் சட்டத்தைக் கீறியிருந்தால் பெயின்ட் மட்டும் போயிருக்கிறதா, உள்ளே ஆழமாகப் போயிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கார்பன் சட்டம் என்றால் தாமதிக்க வேண்டாம்.

ஈரக்காலுறை:

அடுத்த முறை அக்டோபரில் போங்கள். ஏரியைக் காலி செய்து, கரையோரப் பள்ளத்தில் மீன் முழுவதும் திரளும்போது வலை இழுப்பார்கள். ரோஷ்ம்பெர்க்கில் அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். சைக்கிளைக் கரைக்கு வெளியே நிறுத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். காலணியை மாற்றுங்கள்.

சங்கிலிச்சத்தம்:

பெயின்ட் மட்டும்தான் அண்ணே, பார்த்துவிட்டேன். காலணி வாங்கியாயிற்று அக்கா. 11–34 காசெட்டும் வந்துவிட்டது, அதற்கேற்ற பின் டிரெய்லியர் (செயினைப் பல் மாற்றும் கருவி) நாளை மாட்டுகிறேன். பழைய 11–28 ஒன்று நல்ல நிலையில் கிடக்கிறது. எடைகுறைப்பானுக்கு வேண்டுமென்றால் இலவசமாகவே அனுப்புகிறேன்.

எடைகுறைப்பான்:

வேண்டாம். போன மாதம்தான் நானும் 32க்கு மாறினேன். யாரிடமும் சொல்லவில்லை.